சட்டமிட்ட முன்னோர்

பஹாங் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், பேராக் எல்லையை அடுத்து, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங் என்ற சிற்றூருக்கு வரும் யாத்திரிகர்கள், கொழுந்துச் சரிவுகளையும் தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்து, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, ஸ்ட்ராபெரிப் பழம் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிப் போய்விடுகிறார்கள். தோட்டத்துக் குடும்பமொன்றின் வீட்டுக்குள் சென்று உட்காரும் சந்தர்ப்பம் வாய்த்தவர்களோ இவற்றினும் ரசமான ஒன்றைக் காணக்கூடும். முன்கூடத்துச் சுவரின் மேற்பகுதியில், கூரைக்குச் சற்றுக் கீழே, கயிற்றில் முன்பக்கமாகச் சாய்ந்தபடி, கனத்த மரச்சட்டத்துக்குள் பாட்டனாரும் பாட்டியாரும் இருப்பார்கள். அது புகைப்படமா, ஓவியமா என்று முதற்பார்வையில் நிச்சயிக்க இயலாது. முகம் காமிரா தந்தது, ஆனால் கன்னத்துச் செம்மையும், புடவையின் கருநீலமும், கழுத்துச் சங்கிலியின் மஞ்சளும் ஒரு மனிதனுடைய கை தந்தவை.

மலாயாத் தோட்டங்களெங்கும் ஒரு காலத்தில் வழங்கிய இத்தகைய படங்கள் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கும் அலங்காரப் பொருள்கள் அல்ல. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தாய் வீட்டார் கொண்டுபோய்க் கொடுத்தவை. தனிக்குடித்தனம் போன தம்பிக்கு அண்ணன் செய்வித்தவை. கருமாதி நாளன்று திறந்துவைப்பதற்காக மருமகன் முன்பணம் கொடுத்துத் தயாரித்தவை. தோட்டத் தமிழரின் குடும்பச் சரித்திரம் எழுத்தில் அதிகம் இல்லையென்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், அந்தச் சரித்திரத்தை அவர்கள் வர்ணத்தால் எழுதி ஒருவருக்கொருவர் வெகுமதியாக அளித்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. அந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்று ஆராய்ந்தால், அதன் மூலம் மிகவும் எதிர்பாராத ஓரிடத்தில், அதாவது அரசாங்கத்தின் சந்தேகத்தில், போய் முடிகிறது.

முதலில் இந்த மலையின் கதை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் காமரன் என்ற நிலஅளவையாளர் இப்பிரதேசத்தைக் கண்டு குறிப்பெழுதினார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் அது பெயரளவிலேயே இருந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் மலையேறி வந்து பார்த்த பிறகே, இதனை வெள்ளையரின் கோடை வாசஸ்தலமாகவும் விவசாயப் பிரதேசமாகவும் ஆக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரின் துணையுடன் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், எஞ்சியதெல்லாம் மனிதருடைய தோள்வலி என்ற நிலையில் காடு வெட்டப்பட்டது. அந்தக் கம்பெனியின் தோட்டங்களில் ஒன்றான சுங்கை பாலாஸ் பிரிஞ்சாங்குக்கு மேலே, 2,000 மீட்டரைக் கடந்து நிற்கும் பிரிஞ்சாங் சிகரத்தின் அடிவாரச் சரிவுகளில் இருக்கிறது. 1933-இல் ‘பாரத்’ தேயிலைத் தோட்டமும் இம்மலையில் வேர்கொண்டது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை வந்தபின், மேலே வரவேண்டியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆள்கட்டும் கங்காணி அழைத்துவர, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கியவர்கள் அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தைப் பற்றிப் பேசாத பழைய குடும்பம் மலாயாவில் சொற்பம். பித்தளைச் செம்பு, தகரப் பெட்டி, குலதெய்வத்தின் பிடிமண் முதலியன அந்தக் கப்பலில் வந்தன. ஊரில் விட்டுவந்தவர்களுடைய உருவம் வரவில்லை. ஏனெனில் அப்படியொன்று ஊரிலேயே கிடையாது. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்துவிட்டபின், வந்தவர்கள் வந்தவர்களாகவே இங்குத் தங்கிவிட, ஊரில் விட்டுவந்த முகங்கள் நினைவில் மட்டுமே நின்று, நினைவு வைத்திருந்தவர்களோடு மறைந்தும் போயின.

தமிழகத்தில் புகைப்படம் அப்போது புதுமையன்று என்பதையும் சொல்லவேண்டும். சென்னையில் 1856-லேயே புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படம் பிடித்தார். அதற்கும் முன்னே, 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில், பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்து உருவம் எழுதும் சித்திரக்காரர்கள் சிறந்திருந்தனர். புகைப்படம் பரவியபின், தேசத்தின் பல பாகங்களிலும் சித்திரக்காரர்கள் ஸ்டூடியோக்களை அண்டி, கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் வர்ணமும் பொன்னும் ஏற்றிப் பிழைத்தார்கள். ஜமீன்தார்களும், செட்டிநாட்டு வணிகர்களும், வக்கீல்களும் அத்தகைய படங்களைத் தங்கள் கூடங்களில் வரிசையாக மாட்டினர். ஆனால் நாகப்பட்டினத்துக் கப்பல்துறையில் கூட்டமாக நின்ற உழவனுக்கும் அவன் மனைவிக்கும் அந்தக் கூடங்களில் நுழையும் உரிமையே இல்லாதிருக்க, தம் உருவம் சுவரில் தொங்குவதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது.

தோட்டத்திலும் படம் எடுக்கப்பட்டதுண்டு. துரை பங்களாவின் முன்னே நாற்காலி போட்டு, நடுவில் துரையும் துரைசாணியும், பக்கத்தில் கணக்கெழுதும் கிராணிமாரும், ஓரத்தில் கங்காணிகளும் இருக்க எடுத்த கூட்டுப் படங்கள் அவை. கொழுந்து எடுப்பவர்கள் அவற்றில் சேர்ந்திருந்தால், பின்னால், தூரத்தில், முகம் புலப்படாத அளவில் நின்றிருப்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பெயர் இருக்கும். முகம் எங்கும் பதிவாகவில்லை. இதனுடைய விளைவு யுத்த காலத்தில் கொடுமையாக வெளிப்பட்டது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். அங்கேயே மாண்டுபோனவர்களுக்குச் சமாதியும் இல்லை. மிகப் பலருக்கு உருவப்படமும் இல்லை. தந்தையை அப்படி இழந்த பிள்ளைகள், பிற்காலத்தில் வசதி வந்து, எவ்வளவு பணம் கொடுக்கத் தயாராயிருந்தபோதிலும், எந்த ஓவியனிடமும் கொண்டுபோய்க் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படையினரையும் காட்டுக்கு வெளியே இருந்த ஜனங்களையும் பிரித்தறிய வேண்டி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தம் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று அரசாங்கம் சட்டம் செய்தது. பதிவு செய்யும் உத்தியோகஸ்தர்கள் நகரங்கள், கிராமங்கள், தோட்டங்கள் எல்லாவற்றிலும் வேலையை நடத்தினார்கள். காட்டோரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கார்டு இருபுறமும் கூர்மையான ஆயுதம்: கைவசம் இல்லாவிட்டால் சிப்பாய் சந்தேகிப்பான், இருந்தால் காட்டிலிருந்து வந்தவர்கள் பறித்துக் கிழித்தெறிவார்கள். இவ்வளவு அச்சத்துக்கு நடுவே பிறந்ததுதான் எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களின் முதல் உருவப்படம். வெயிலில் நிறுத்தி, பின்னால் ஒரு துணி கட்டி, “இங்கே பார்” என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்ட, கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய அளவுள்ள அந்தப் படத்தில், பெரும்பாலும் எல்லோரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் போலவே விழிக்கிறார்கள். குடும்பச் சுவரின் சரித்திரம் பல வீடுகளில் 1948-இல் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

கார்டுக்குரியவர் இறந்தபின், பிள்ளைகள் பெட்டியைத் திறந்து தேடினால் கிடைக்கும் ஒரே முகம் அதுதான். அதை எடுத்துக்கொண்டு சம்பள நாளுக்கு மறுவாரம் லாரியிலோ பஸ்ஸிலோ மலையிறங்கி, தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போய், “இதைப் பெரிசு பண்ணிக் கலர் போட்டுத் தரவேண்டும்” என்று ஸ்டூடியோக்காரரிடம் கேட்பார்கள். மலாயா நகரங்களின் ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் சீனர் கையில் இருந்தன. ஆகவே, தமிழச்சியின் நெற்றிக்குப் பொட்டிட்டு, மூக்குத்தியில் வெள்ளைப் புள்ளி வைத்து, புடவைக் கரைக்குச் சரிகை தீட்டியவர் அநேகமாக ஒரு சீனத் தொழிலாளி. நம் கலைச் சரித்திரம் எழுதுவோர் இந்த ஒத்துழைப்பை ஏனோ பொருட்படுத்தியதில்லை. எனக்கோ மலாயாவில் இரு ஜாதியாரும் கூடிச் செய்த காரியங்களில் இது மிக அந்தரங்கமானதாகத் தோன்றுகிறது.

வேலை நடந்த விதம் இது. சிறிய படத்தைப் பலகையில் குத்தி, இருபுறமும் விளக்கு வைத்து, பெரிய காமிராவால் அதனை மறுபடி படம் எடுப்பார்கள். அந்த நெகட்டிவின்மேல், ஊசிபோல் சீவிய பென்சிலால், கார்டு மடிந்த கோடுகளையும் கன்னத்துச் சுருக்கங்களையும் நிரப்புவது அடுத்த காரியம். இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். பிறகு இருட்டறையில், வழவழப்பில்லாத புரோமைடு காகிதத்தில், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி அச்சிடுவார்கள். பளபளக்கும் காகிதம் வர்ணத்தைப் பிடித்து நிறுத்தாது. கறுப்பு வெள்ளை அச்சின்மேல் தோல்நிறத்தைத் தடவினால் முகம் சாம்பல் பூத்துத் தோன்றும் என்பதால், நல்ல ஸ்டூடியோக்கள் முதலில் அச்சைப் பழுப்பு நிறமாக மாற்றிக்கொள்ளும். அப்புறம், மெல்லிய குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வர்ணத்தைத் தொட்டு, முகத்தில் வட்டமாகத் தேய்த்து, உடனே வேறு பஞ்சால் துடைத்துவிடுவார்கள். துடைத்த பிறகு எஞ்சுவதே வர்ணம். அது ஊடுருவித் தெரியும் தன்மையுடையதாதலால், காமிரா பதித்த நிழல் அடியிலிருந்து மேலே தெரிந்துகொண்டேயிருக்கும்.

ஆனால் கார்டுப் படம் அவ்வளவு பெரிதாக்கத் தாங்காது. பெரிதாக்கினால் இமையும் புருவமும் கலங்கும். தலைமயிர் பின்னணியோடு கரையும். மார்புக்குக் கீழே ஒன்றுமே இராது. அந்த இடத்தில்தான் வர்ணக்காரன் சித்திரக்காரனாக மாறினான். புருவத்தை மயிர் மயிராக எழுதினான். கருமணியில் ஒரு சிறு வெண்புள்ளி வைத்துப் பார்வையைத் திருப்பினான். இல்லாத தோள்களை வரைந்தான். வாழ்நாளில் கோட்டு அணிந்திராத மனிதருக்குக் கோட்டும் மேல்துண்டும் வந்தன. காதறுந்து பாம்படம் இழந்த கிழவிக்குக் காதும் கம்மலும் வந்தன. ஒருநாளும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தறியாத கணவனும் மனைவியும், இரண்டு கார்டுகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, தோளோடு தோள் சேர்ந்து, மாமல்லபுரத்துக் கடற்கரையோ சுவிட்சர்லாந்து ஏரியோ என்று நிச்சயிக்க முடியாத ஒரு திரைச்சீலையின் முன்னே அமர்ந்தார்கள். கேட்பவர் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் எந்த நிறம் என்பதை ஸ்டூடியோக்காரர் காகிதத்தின் பின்புறம் குறித்துக்கொள்வார்: புடவை அரக்கு, ரவிக்கை பச்சை, கல் சிவப்பு, சங்கிலி இரண்டு சரம்.

இதனைப் பொய்யென்று சொல்பவர் உண்டு. கழுத்தில் மஞ்சள் கயிறன்றி வேறறியாத பெண்ணுக்கு இரண்டு சரம் சங்கிலி போடுவது சரித்திரத்துக்குத் துரோகம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சம்மதமில்லை. கார்டுப் படம் சொல்வது என்ன? ஒரு குறிப்பிட்ட தினத்தில், ஓர் உத்தியோகஸ்தரின் முன்னே, ஒரு பெண் பயந்து நின்றாள் என்பது. அவள் பிள்ளைகள் நாற்பது ஆண்டு அறிந்த தாய் அவளல்லள். தோட்டத்துச் சம்பளத்தில் சங்கிலி செய்யவேண்டுமென்று அவள் எத்தனை முறை சீட்டுக் கட்டினாள், கட்டிய சீட்டு எந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்குச் செலவாயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். படத்தில் அந்தச் சங்கிலியை ஏற்றியது கடன் தீர்த்தது. சாட்சியம் என்றாலும் பொருந்தும். அரசாங்கம் சந்தேகத்தினால் எடுத்த முகத்தை, குடும்பம் பக்தியினால் திருத்தி எழுதிக்கொண்டது என்பதே இந்தக் கலையின் சாரம்.

இப்படங்களை வழங்கிய முறைகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழைய கருமாதிச் சடங்கில் உருவப்படத்துக்கு இடமில்லை. படத்திறப்பு என்ற வழக்கம் சுயமரியாதை இயக்கத்தாரின் மேடைகளில் சிறப்புற்று, பிறகு ஆஸ்திகரின் வீடுகளிலும் புகுந்தது. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்றதும், 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியதும் இங்குள்ள தொழிலாளரிடையே அந்த நாகரிகத்தைப் பரப்பத் துணை செய்தன. வேடிக்கை என்னவெனில், சடங்கு வேண்டாமென்றவர்கள் ஏற்படுத்திய படத்திறப்பே புதிய சடங்காகிவிட்டது: திறந்த படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் வைக்கப்பட்டன, மாலை சாத்தப்பட்டது, தீபாவளிக்கு முதல் நாள் அதன் முன்னே இலை போட்டுப் படைத்தார்கள். உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை ஆகாது என்ற விதி மட்டும் கண்டிப்பாக அனுசரிக்கப்பட்டது. கலியாணத்துக்குக் கொடுக்கும் படம் வேறு வகை. அது மாலையில்லாமல், சட்டத்தின் கீழ்ப்பட்டையில் கொடுப்பவர் பெயரும் தேதியும் எழுதப்பெற்று, நண்பர்கள் அச்சடித்துக் கண்ணாடி போட்டுத் தரும் வாழ்த்து மடல்களோடு கூடப் பந்தலில் வைக்கப்படும். வாழ்த்து மடலில் மணமக்களை அன்றிலென்றும் கிளியென்றும் வர்ணிக்கும் செய்யுட்களை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை; படத்தை எல்லோரும் நெருங்கிப் பார்ப்பார்கள், மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று தர்க்கமும் செய்வார்கள்.

பெண்கள் தம் கையால் செய்தவையும் உண்டு. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்ற பூவேலையில் ‘நல்வரவு’ என்று தைத்துச் சட்டமிட்டதும், மணிகோத்து மயிலும் கிளியும் செய்ததும், அண்ணன் வீட்டுக்குத் தங்கை கொடுத்த தலையணை உறையும் அந்தச் சுவர்களிலும் பெட்டிகளிலும் இருந்தன. அவை தனியே எழுதப்படவேண்டிய விஷயம்.

மலாயாவின் சுதந்திரத்துக்குப் பிறகு கார்டுக்கே வர்ணம் வந்தது. பிரஜைகளுக்கு நீலம், பிரஜாவுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. பிறப்புப் பத்திரம் எடுத்துவைக்காத தோட்டத்துக் குடும்பங்களில் தகப்பனுக்குச் சிவப்பும் மகனுக்கு நீலமுமாக அமைந்துவிட்டது. சிவப்போடே காலங்கழித்து முடிந்தவர்கள் பலர். 1969-க்குப் பின், பிரஜைகளல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென்ற கட்டுப்பாடு வந்தபோது, பல்லாயிரம் தமிழர் பிறந்த ஊரென்று கேள்விப்பட்டிருந்த ஊர்களுக்குக் கப்பலேறினார்கள். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதியும் போடலாம் என்பது அப்போது பெரிய உபகாரமாயிற்று. ஒரே பாட்டியின் முகம் பிரிஞ்சாங்குப் பக்கத்தில் ஒரு சுவரிலும் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சுவரிலும் தொங்குவதும், வர்ணம் தீட்டியவர்கள் வெவ்வேறு பேரானபடியால் இங்கே அரக்குப் புடவையும் அங்கே பச்சைப் புடவையும் உடுத்திருப்பதும் இதனால் நேர்ந்தன.

மலைக் காற்று இந்தப் படங்களுக்குச் சத்துரு. பிரிஞ்சாங்கின் மூடுபனி சாளரத்தின் வழியே வீட்டுக்குள் புகுந்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே ஈரத்தைத் தங்கவைத்துவிடும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்காளான் பழுப்புப் புள்ளிகளாகப் படரும். அட்டையின் பின்புறத்தை வெள்ளிப்பூச்சி அரிக்கும். ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுக்க முயன்றவர்கள் முகத்தைக் கண்ணாடியிலும் காகிதத்தைக் கையிலும் கண்டு வருந்தியிருக்கிறார்கள். 1970-களில் கலர்ப் பிலிம் மலிவானதும் கையால் வர்ணம் தீட்டும் தொழில் விரைவில் க்ஷீணித்தது. பஞ்சும் குச்சியும் பிடித்த கைகள் கடைப் பெயர்ப்பலகை எழுதவோ, வேறு வேலைக்கோ போயின. வீட்டுக்காரர்களும் பழைய படம் கர்நாடகமென்று கருதி, மகன் பட்டம் வாங்கிய கலர்ப் படத்துக்கு இடம்விட்டு, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்கள்.

இவற்றைச் சேகரிக்க முயன்றவர்களும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது; பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியும் அதற்குக் கிடைத்தது. பிரிஞ்சாங்கிலேயே, ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்தை ஒட்டி, ‘டைம் டன்னல்’ என்ற பழம்பொருட் காட்சிசாலை இருக்கிறது. பழைய விளம்பரத் தகடுகளும், நாவிதர் நாற்காலியும், காப்பிக்கடைச் சாமான்களும், மலைப்பிரதேசத்தின் பழைய படங்களும் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. நல்ல முயற்சி, ஆனால் தோட்டத்து வீட்டுச் சுவரில் தொங்கியதன் சரியான இடம் காட்சிசாலைதானா என்பதில் எனக்குச் சந்தேகம். பின்னால் எழுதியிருக்கும் தேதியையும் கொடுத்தவர் பெயரையும் படிக்க உரிமையுள்ளவர்கள் அந்த வீட்டாரே.

தோட்டத்தை விட்டுப் பேரப்பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய் உத்தியோகம் பார்க்கிற இந்தக் காலத்தில் வழக்கம் வேறு ரூபத்தில் திரும்பியிருக்கிறது. தாத்தாவின் அடையாளக் கார்டுப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பி, பென்சிலில் வரையச் சொல்கிறார்கள். கான்வாஸில் எண்ணெய் வர்ணத்தில் எழுதச் சொல்கிறார்கள். நூலால் தைக்கும் பெண்களிடமும் கொடுக்கிறார்கள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கும், புதுமனை புகுவிழாவுக்கும், பேத்தி கலியாணத்துக்கும் அவை பரிசாகின்றன. பேரன் கலியாணத்துக்கு இல்லாத பாட்டியை மணமக்களின் பின்னால் நிறுத்தித் தருமாறு கேட்பவர்களும் உண்டு. வரைபவர் அப்போதும் முதலில் கேட்கும் கேள்வி, புடவை என்ன நிறம் என்பதுதான். கறுப்பு வெள்ளைக் கார்டுக்கு அதற்கு விடை தெரியாது. குடும்பத்தில் மூத்தவரைக் கேட்டு, அவர் சொன்னதே தீர்ப்பாக வைத்துக்கொள்கிறார்கள். மூத்தவர்கள் இருவராக இருந்து, ஒருவர் அரக்கென்றும் மற்றவர் மாம்பழ மஞ்சளென்றும் சாதித்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டால், கேட்டவர் கூடுதல் பணம் கட்டி இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு படம் செய்வித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்.